அரையாண்டு விடுமுறைக்கு முன்: ஏற்காட்டுப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

அரையாண்டுத் தேர்வு முடியப்போகும் இந்த வாரத்தில் பள்ளி வாசலிலும் போனிலும் வீட்டார் பல கேள்விகள் கேட்கிறீர்கள். கேட்க வந்து தயங்கித் திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்காக எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம். அம்மா அப்பா வேலைக்குப் போகும் வீடுகளில் பாட்டி தாத்தாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையோடு பகலெல்லாம் இருக்கப்போவது அவர்கள்தான்.

லீவு எப்போது? ரேங்க் கார்டு எப்போது தருவீர்கள்?

கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் லீவு தொடங்குகிறது. புத்தாண்டு முடிந்ததும் பள்ளி திறக்கும். தேதியைப் பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறோம். திருத்திய விடைத்தாள்களும் ரேங்க் கார்டும் திறந்த முதல் வாரத்தில் கைக்கு வரும். கையெழுத்துப் போட அம்மாவோ அப்பாவோ நேரில் வந்தால் நல்லது. பேச வேண்டியது இருக்கும்.

அரையாண்டில் மார்க் குறைந்துவிடும் என்று பிள்ளையே சொல்கிறான். பப்ளிக் தேர்வைப் பாதிக்குமா?

பாதிக்காது. அரையாண்டு மதிப்பெண் பப்ளிக் தேர்வு மதிப்பெண்ணோடு சேராது. கொரோனா வந்த 2020-இல் மட்டும் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொடுத்துக் கணக்கிட்டார்கள். அந்த நினைவில்தான் இன்னமும் சிலர் பயப்படுகிறீர்கள்.

அரையாண்டின் பயன் வேறு. முழுப் பாடத்துக்கும், பப்ளிக் மாதிரியே கேள்வித்தாளோடு நடக்கும் முதல் தேர்வு இதுதான். எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அதனால் விடைத்தாள் வந்ததும் மொத்த மார்க்கைப் பார்த்து முகம் சுளிக்காமல், தாளைப் புரட்டிப் பாருங்கள். கணக்கில் முதல் இரண்டு வரி சரியாக எழுதி மூன்றாவது வரியில் நிறுத்தியிருக்கிறதா? அப்படியென்றால் பாடம் புரிந்திருக்கிறது, பழக்கம் போதவில்லை. கடைசி இரண்டு பக்கக் கேள்விகளைத் தொடவே இல்லையா? நேரம் போதவில்லை. ஒரு மார்க் கேள்வியில் பாதி தவறா? புத்தகப் பின்பக்கத்துக் கேள்விகளைப் பார்க்கவே இல்லை. மூன்றுக்கும் மூன்று வேறு வைத்தியம். எல்லாவற்றுக்கும் சேர்த்து "நீ சரியாகப் படிக்கவில்லை" என்று ஒரே வசவு திட்டினால் எதுவும் சரியாகாது.

தேர்ச்சிக் கணக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், 500 மார்க், பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20 கட்டாயம் எடுக்க வேண்டும். பன்னிரண்டில் மொத்தம் 600. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70-க்கு, அதில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். தோற்றாலும் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு, ஆண்டு வீணாகாது. இதைப் பிள்ளையிடம் இப்போதே, நீங்கள் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லிவையுங்கள். ரிசல்ட் வந்த அன்று சொன்னால் காதில் ஏறாது.

லீவிலும் டியூஷன் வைக்கலாமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கச் சொல்வது?

முதல் இரண்டு மூன்று நாள் புத்தகத்தைத் தொடச் சொல்லாதீர்கள். தேர்வு முடிந்து வரும் பிள்ளைகளில் பலர் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. பரீட்சை ஹாலில் விடை எழுதி முடித்த கையோடு டெஸ்க்கில் தலை சாய்த்துத் தூங்கிவிடும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். இந்த வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். நாலு மணிக்கு எழுப்பிவிடுவதைப் பெருமையாகச் சொல்லும் வீடுகளிடம் ஒன்று கேட்கிறோம்: எத்தனை மணிக்குப் படுத்தது? பதினொன்றரை என்றால் அந்த நாலு மணிப் படிப்பு கண்ணோடு போய்விடும்.

அதன்பிறகு 10, 12 வகுப்புப் பிள்ளைகள் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் படித்தால் போதும் என்பது எங்கள் கருத்து. காலை நேரம் கஷ்டமான பாடத்துக்கு, மாலை நேரம் எழுதிப் பார்க்க. 9, 11 பிள்ளைகளுக்கு அதில் பாதி போதும். சேலத்துக்கு இறங்கி ஏறிச் சிறப்பு வகுப்புக்கு அனுப்புவது வேண்டாம். போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. தலைசுற்றி வந்து உட்காரும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

ஹால் டிக்கெட்டில் பெயர் தப்பாக வந்துவிடுமோ?

வராமல் இருக்க இப்போதே பார்க்க வேண்டும். பெயர்ப்பட்டியல் சரிபார்ப்புத் தாள் கொடுத்திருக்கிறோம். பிள்ளையின் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிறகு மாற்ற அலைய வேண்டும்.

காபிப் பழம் எடுக்கிற நேரம். லீவுதானே, கூட்டிக்கொண்டு போகலாமா?

நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை மலையில் கைக்கு ஓய்வில்லை என்பது எங்களுக்குத் தெரியும். எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் எஸ்டேட் வீடுகளில் இருந்து வருகிறவர்கள். நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கேள்விதான்.

வீட்டுக் கொல்லையில் இருக்கும் நாலு செடியில் அம்மாவோடு நின்று பழம் பறிப்பது வேறு. எஸ்டேட்டில் கூலிக்கு ஆளாக நிறுத்துவது வேறு. 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல் இப்படித் திருத்தியிருக்கிறார்கள். மிளகு பறிக்க மூங்கில் ஏணி போட்டு சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவதும், முதுகில் டேங்க் கட்டி மருந்து அடிக்க வைப்பதும் கூடவே கூடாது. பையன் லேசாக இருக்கிறான், சுலபமாக ஏறுவான் என்று சொல்வார்கள். விழுந்தால் அவர்கள் வரமாட்டார்கள்.

சேலத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் கொலுசுப் பட்டறையில் பத்து நாள் உட்காரும் பையன்களும் உண்டு. பற்றவைக்கும் நெருப்பு, ஆசிட் புகை, குனிந்த முதுகு. கொலுசுக் கண்ணியை ஊதிப் பற்றவைத்த சூட்டில் வெந்த விரல்நுனியோடு ஜனவரியில் வந்து பேனா பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பான். கைக்கு வரும் சம்பளம் வீட்டுக்கு உதவும் என்பது உண்மைதான். பணத்துக்கு நெருக்கடி என்றால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் செய்து தருகிறோம்.

காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது?

இந்த ஒரு பதிலை மட்டும் எல்லா வீட்டிலும் முழுதாக வாசியுங்கள்.

இரண்டு நாளுக்கு மேல் பார்க்காதீர்கள். மழைக்காலம் ஓய்ந்து வரும் இந்த நேரத்தில் டெங்கு இருக்கிறது. பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபன், மெடிக்கலில் கேட்டு வாங்கும் "உடம்புவலி செட்" எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் நிறையக் கொடுங்கள்.

டெங்குவில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் விடும். வீடே நிம்மதியாகும். ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். காய்ச்சல் விட்டதிலிருந்து ஒன்றிரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். வயிறு விடாமல் வலிப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கறுத்துப் போவது, கைகால் சில்லிட்டுப் போவது, பிள்ளை சோர்ந்து படுத்துக்கொண்டு பேச மறுப்பது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று தெரிந்தாலும் இரவு என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ கொடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மலையில் இன்னொரு காய்ச்சலும் உண்டு: ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. ஆடு மேய்க்கப் போனவர்கள், விறகு பொறுக்கப் போனவர்கள், எஸ்டேட் புதருக்குள் நடந்தவர்களுக்கு வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்புமாக ஒரு சின்னப் புண் இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளைக்கே தெரியாது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால் பின்பக்கம், மார்பின் அடி என்று மறைவான இடத்திலேயே இருக்கும். பெரிய பிள்ளைகள் டாக்டரிடம் காட்டக் கூச்சப்படுவார்கள். அம்மாவே குளிக்க வைக்கிற மாதிரி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. புண் இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். ஆகவே டாக்டரிடம் "புதருக்குள் போய்வந்தான்" என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். சரியான மாத்திரையை நேரத்தில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் குணம் தெரியும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும்.

கொசுவுக்கு: தண்ணீர்த் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை காலி செய்து உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும், லீவில் பகல் தூக்கம் போடும் பிள்ளைக்கு வலை கட்டுங்கள்.

ராத்திரி குளிர் தாங்கவில்லை. அறைக்குள் கரிச்சட்டி வைக்கலாமா?

வேண்டாம். கதவு ஜன்னல் மூடிய அறையில் கரியோ விறகோ கனன்றால் வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அணைந்தது போல் சாம்பல் பூத்த நெருப்பும் அப்படித்தான். ஸ்வெட்டர், சாக்ஸ், கூட ஒரு கம்பளி. வீசிங் உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் தீரும் நிலையில் இருக்கிறதா என்று லீவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பனியில் விடியற்காலை டியூஷன், விளையாட்டு எதுவும் அவர்களுக்கு வேண்டாம்.

பள்ளியில் தரும் நீல மாத்திரையை லீவில் விட்டுவிடலாமா?

விட வேண்டாம். வாரம் ஒன்று, சாப்பிட்ட பிறகு. இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை அது. விழுங்கிய கையோடு காபி டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையில் உள்ள இரும்புச்சத்தால்தான். (டெங்கு பதிலில் சொன்னது காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) நாப்கின் தீர்ந்தால் பெண் பிள்ளைகள் ஊர் நர்ஸ் அக்காவிடம் கேட்கலாம்.

எந்நேரமும் போன். பிடுங்கி வைத்துவிடட்டுமா?

பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் போன் கிடைக்கும். எங்கள் யோசனை ஒன்றே ஒன்று: இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டில் எல்லாப் போனும் சமையலறையில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லாப் போனும் என்றால் அப்பாவின் போனும்தான். அப்பா படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு மகனைத் திட்டினால் மகன் கேட்கமாட்டான்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இன்னமும் பெயர் மாற்றி லிங்க் வருகிறது. உங்கள் போனில் பணம் அனுப்பும் ஆப் இருந்தால் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதமானால் மீட்பது கஷ்டம். யாராவது போட்டோவை வைத்து மிரட்டுகிறார்கள் என்று பெண்ணோ பையனோ சொன்னால், "நீ ஏன் அனுப்பினாய்" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். சொல்ல வந்த பிள்ளை அந்தக் கேள்வியோடு வாயை மூடிக்கொள்ளும். அதே எண் அதற்கும் உதவும்.

பிள்ளை முகமே சரியில்லை. கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறாள். என்ன செய்வது?

இரண்டு நாள் என்றால் தேர்வுக் களைப்பாக இருக்கலாம். இரண்டு வாரம் என்றால் கவனிக்க வேண்டும். சாப்பாடு குறைவது, தூக்கம் வராதது அல்லது எந்நேரமும் படுத்தே கிடப்பது, உயிராக இருந்த தோழியோடு பேச்சை நிறுத்துவது, பிடித்த கபடியையோ கோலத்தையோ விட்டுவிடுவது, தன் பொருளை எல்லாம் தம்பி தங்கைக்குக் கொடுப்பது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று பேச்சுவாக்கில் சொல்வது. கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

எதிரில் உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். சேர்ந்து ஏதாவது வேலை செய்யும்போது கேளுங்கள். பூண்டு உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, சந்தைக்கு நடக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் பேசும் நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வருகிறது. சொன்னதும் அறிவுரையைத் தொடங்காதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். பயமாக இருந்தால் நேராகவே கேட்கலாம்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும்.

ஆமாம் என்று சொன்னால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசகர் பேசுவார், கட்டணம் இல்லை. மருத்துவ உதவி எண் 104-லும் பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் கூட்டிப் போகலாம். தனியாகப் போகத் தயக்கம் என்றால் எங்களில் ஒருவர் கூட வருவோம்.

இன்னொன்று. இது மலையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும், பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தாலும். செடிக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து, வீட்டில் மீந்த மாத்திரைகள் எல்லாம் ஒரு பெட்டியில், பூட்டு போட்டு, சாவி பெரியவர் இடுப்பில் இருக்கட்டும். பரணிலும் கட்டில் அடியிலும் வைக்காதீர்கள். கோபமும் அவமானமும் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் சிறிதுதான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே ஒரு பிள்ளை பிழைத்துவிடும்.

தை பிறந்தால் பெண்ணுக்கு இடம் பார்க்கலாம் என்று மாமியார் சொல்கிறார். பதினேழு நடக்கிறது.

18 நிரம்பாமல் கூடாது. பேசி முடித்து வைப்பதும் வேண்டாம். பூ வைத்துவிட்டால் அந்தப் பெண்ணால் புத்தகத்தில் கண் வைக்க முடியாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்திவைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மாமியாரிடம் சட்டத்தைச் சொன்னால் சண்டைதான் வரும் என்று தெரியும். இதைச் சொல்லிப் பாருங்கள்: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. நாங்கள் வீட்டுக்கு வந்து பேசினால் உதவும் என்றால் சொல்லுங்கள், வருகிறோம். பெண் பிள்ளைகளே இதை வாசிக்கிறீர்கள் என்றால்: குழந்தைகள் உதவி எண் 1098. இலவசம், எந்த நேரமும். பெயரை வெளியில் சொல்லமாட்டார்கள்.

பையன் ஸ்கூட்டி கேட்கிறான். பக்கத்தில்தானே, கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. 16 வயதில் ஓட்டக் கூடியது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டி மட்டும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இந்த மாதப் பனியில் வளைவில் எதிரில் வரும் பஸ் கடைசி நொடியில்தான் தெரியும்.

கிளியூர் அருவிப் பாறை, எஸ்டேட் குட்டை, சேலத்துப் பக்கம் போனால் கிணறு, மேட்டூர்த் தண்ணீர்: பெரியவர் இல்லாமல் எங்கும் இறங்க வேண்டாம். நண்பன் மூழ்கினால் குதிக்காமல் துப்பட்டாவோ கயிறோ வீசச் சொல்லிக் கொடுங்கள். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இருவர் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஹாஸ்டல் பிள்ளையை யார் வந்து கூட்டிப் போகலாம்?

சேர்க்கும்போது நீங்கள் எழுதிக்கொடுத்த பெயர்கள் மட்டும். சித்தப்பா, மாமா என்று வேறு யார் வந்தாலும் உங்களிடம் போனில் பேசிய பிறகுதான் அனுப்புவோம். நேரமானாலும் கோபப்பட வேண்டாம். மதியத்துக்குள் வந்துவிடுங்கள், மாலைப் பனியில் மலை இறங்குவது நல்லதல்ல. மழையால் பாதை அடைத்திருந்தால் குப்பனூர் வழியாக வரலாம். கிளம்பும் முன் வார்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திறக்கும் நாளில் என்ன வேண்டும்? சந்தேகம் என்றால் லீவில் யாரைக் கேட்பது?

சரிபார்த்துக் கையெழுத்திட்ட பெயர்ப்பட்டியல் தாள், பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை ரெக்கார்டு நோட்டு. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்துவிடும், கையெழுத்து வாங்காத பக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. லீவில் காய்ச்சல் வந்து மருந்து சாப்பிட்டிருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொடுத்து அனுப்புங்கள். உடம்பு தேறாவிட்டால் முதல் நாளே அனுப்ப வேண்டும் என்று இல்லை.

படிப்பு, தேர்வு பற்றிய சந்தேகத்துக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண் எந்நேரமும் உண்டு. எங்கள் வகுப்பாசிரியர்கள் போன் எண் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. காலை பத்து முதல் மாலை ஆறு வரை கூப்பிடுங்கள். அவசரம் என்றால் நேரம் பார்க்க வேண்டாம்.